வார்டில் ஸ்கேன்: சிறுநீரியல் கேள்வி பதில்

கேள்வி (வார்டு செவிலியர்): சிறுநீர் கழித்த பின் சிறுநீர்ப்பையில் மீதி காலையில் 180 மி.லி., மதியம் 60. எதை எழுதுவது, சார்?

இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள். கழிப்பதற்கு முன் பையில் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். 600, 700 வரை அடக்கிவைத்த பை சரியாகச் சுருங்காது, மீதி கூடித்தான் தெரியும். கழித்து முடித்த 10 நிமிடத்துக்குள் புரோபை (உடலில் வைக்கும் ஸ்கேன் முனையை) வைத்துவிடுங்கள். லாசிக்ஸ் (சிறுநீரைக் கூட்டும் மருந்து) போட்டவருக்கு அரை மணி தாமதித்தால் நீங்கள் அளப்பது புதிதாக ஊறிய சிறுநீரை.

வளைந்த புரோப் போதும். அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே குறுக்காக வைத்து, கால் பக்கம் சாயுங்கள். பை மிக அகலமாகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி அகலமும் ஆழமும் எடுங்கள். புரோபை நெடுக்காகத் திருப்பி நீளம் எடுங்கள். மூன்றையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்க வேண்டும். 8 × 6 × 7 செ.மீ. என்றால் ஏறக்குறைய 175 மி.லி. பை சரியான முட்டை வடிவில் இருப்பதில்லை, அதனால் 20 மி.லி. வித்தியாசத்துக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். 50க்குக் கீழே கவலையில்லை. முதியவருக்கு 100 வரை பொறுக்கலாம். 200 தாண்டினால், இன்னொரு முறை அளந்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தானாகக் கணக்கிடும் பிளாடர் ஸ்கேனர் 400 காட்டியது. கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போட்டால் 30 மி.லி. மட்டும் வந்தது. கருவி பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. அடிவயிற்றில் கருப்பாகத் தெரியும் நீரையெல்லாம் அது சிறுநீர் என்று எண்ணிவிடும். வயிற்றில் நீர் கோத்தவர்கள், பெரிய சினைப்பைக் கட்டி உள்ளவர்கள் விஷயத்தில் இப்படித்தான் ஏமாற்றும். எண்ணை மட்டும் தரும் கருவியை இவர்களிடம் நம்பாதீர்கள், படம் காட்டும் ஸ்கேனை எடுங்கள்.

கேள்வி (டியூட்டி டாக்டர்): கதீட்டர் உள்ளே இருக்கிறது, வெளியே மாட்டிய சேகரிப்புப் பையில் ஒரு சொட்டும் இல்லை. ஸ்கேனில் என்ன தேட வேண்டும்?

முதலில் கதீட்டர் நழுவாமல் பிடிக்க அதன் நுனியில் நீரால் ஊதும் பலூன். சிறுநீர்ப்பைக்குள் வட்டமான வளையமாகத் தெரியும். பை நிறைந்திருந்தும் பலூன் அங்கே இல்லையென்றால் அது சிறுநீர்த்தாரையில் ஊதப்பட்டிருக்கலாம்: பலூன் நீரை எடுத்துவிட்டு, கதீட்டரை முழுதாக உள்ளே தள்ளி, சிறுநீர் வந்த பிறகே மறுபடி ஊதுங்கள். பலூன் உள்ளே, பையும் நிறைந்திருக்கிறது என்றால் அடைப்பு. 50 மி.லி. சிரிஞ்சில் அலசுங்கள். பலூனைச் சுற்றிப் பை சுருங்கிக் கிடந்தால் குழாயில் குறையில்லை, சிறுநீர் ஊறவில்லை. சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள்.

பைக்குள் தெரிவது உறைந்த ரத்தக்கட்டியா, சுவரில் வளர்ந்த கட்டியா என்ற சந்தேகம் வந்தால் நோயாளியை ஒருக்களிக்கச் சொல்லுங்கள். ரத்தக்கட்டி பெரும்பாலும் நகரும், அதற்குள் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் முறையில்) ரத்த ஓட்டம் தெரியாது. ஆனால் சுவரோடு ஒட்டிய ரத்தக்கட்டி நகராமல் குழப்பும்.

கேள்வி (முதுநிலை மாணவர்): கல் நோயாளிக்குச் சிறுநீரகம் வீங்கித் தெரிகிறது. உடனே அடைப்பு என்று சொல்லலாமா?

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பாருங்கள். நிறைந்த பையே இரு பக்கமும் லேசான விரிவைக் காட்டும். சிறுநீரகத்தின் நடுவிலுள்ள ரத்தக்குழாய்களும் கருப்பாகத் தெரிந்து ஏமாற்றும், கலர் டாப்ளர் போட்டால் பிரிந்துவிடும். கர்ப்பிணிக்கு வலப்பக்க விரிவு சகஜம். இதற்கு நேர்மாறாக, வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்திலும், உடல் நீர் வற்றியவரிடமும் அடைப்பு இருந்தும் விரிவு தெரியாமல் போகலாம். அதனால் ஸ்கேன் சாதாரணமாக இருப்பதை வைத்துக் கல் இல்லை என்று சொல்லாதீர்கள். குடல் வாயு மறைப்பதால் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதி அநேகமாகத் தெரியாது.

விரிவோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் கல்லின் அளவை அளந்துகொண்டு நிற்கக் கூடாது. ஆன்டிபயாடிக் தொடங்கி, சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் வழியாகவோ சிறுநீரகத்துக்குள் முதுகுப்பக்கம் போடும் குழாய் வழியாகவோ அன்றே சீழை வடிக்க வேண்டும்.

கேள்வி: பையனுக்குத் திடீர் விரை வலி. டாப்ளரில் ஓட்டம் தெரிகிறது. டார்ஷன் (விரை முறுக்கிக்கொள்வது) இல்லை என்று அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். பாதி முறுக்கிலும், முறுக்கு தானாகவே அவிழ்ந்து மறுபடி விழும்போதும் ஓட்டம் தெரியும். நேர் புரோபை எடுத்து, வலியில்லாத பக்கத்தில் முதலில் மெதுவான ஓட்டத்துக்கு ஏற்ப டாப்ளரை அமைத்துவிட்டு, அதே அமைப்போடு வலிப்பக்கம் வாருங்கள். விந்துநாணில் சுழல் தெரிகிறதா என்று மேலே வரை பாருங்கள். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் அவிழ்த்தால்தான் விரை பிழைக்க நல்ல வாய்ப்பு. பரிசோதனையில் டார்ஷன் என்று பலமாகத் தோன்றினால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் தியேட்டருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கர்ப்பிணிகளைப் பார்ப்பதே இல்லை. இந்த ஸ்கேன் கருவிக்கும் பதிவு வேண்டுமா?

வேண்டும். 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் கருவியைத்தான் பார்க்கிறது, உங்கள் துறையை அல்ல. கையடக்கக் கருவியைப் பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம். காரில் போட்டு வீடு வீடாக எடுத்துப் போக முடியாது.