ரயில் போன தடத்தில் சைக்கிள்

கேள்வி: எனக்கு வயது 52. சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையில் குழுவாகச் சைக்கிள் ஓட்டக் கூப்பிடுகிறார்கள். பின்தங்கிவிடுவேனோ என்று தயக்கம். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன தடம் அது. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர். செங்குத்தான மேட்டில் ரயில் ஏறாது என்பதால், பாதையைக் கூடியவரை சமமாகவே போட்டிருக்கிறார்கள். நம் முழங்காலுக்கு அது பெரிய உதவி. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் மெதுவாக ஓட்டுபவர்தான் முன்னால் போவார். மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும், அதுதான் எங்கள் வேகக் கணக்கு. புக்கிட் தீமா இரும்புப் பாலம் வந்தால் இறங்கி, நடப்பவர்களுக்கு வழிவிட்டுத் தள்ளிக்கொண்டே போவோம். அப்புறம் பழைய ஸ்டேஷன் பக்கம் ஒரு கோப்பி. நல்ல மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், சில இடங்களில் சேறாகிவிடும்.