வயதானவர்களுக்கு வைரஸால் ஈறு நோய் வருமா? ஒரு பக்கம் மட்டும் வலித்தால் பல்லைப் பிடுங்கலாமா?

உங்கள் அம்மாவுக்கு 70 வயது, போன வாரம் காய்ச்சல் மாதிரி இருந்து சரியாகிவிட்டது, இப்போது மேல் ஈறு இடது பக்கம் மட்டும் எரிகிறது, பல் டாக்டர் பிடுங்கிவிடலாம் என்கிறார், வைரஸாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. இரண்டு வருடம் முன்னால் பாளையங்கோட்டையில் என் அம்மாவுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதேதான். அவசரப்பட்டு ஒரு பல்லை இழந்தோம். உங்கள் அம்மாவும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இந்த வயதில் அது இல்லாத வீடு குறைவு.

கேள்விக்கு நேர்ப் பதில் முதலில். ஈறு நோய்க்கு அடிப்படை பல்லோரம் படியும் அழுக்கும் காரையும், அதில் குடியிருக்கும் பாக்டீரியாவும்தான். வைரஸுக்கும் பங்கு உண்டா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஜோர்கன் ஸ்லாட்ஸ் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1990களிலிருந்தே ஈறுப் பைகளில் (ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் பள்ளங்களில்) ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் இருப்பதைக் காட்டி, பாக்டீரியாவோடு அவையும் சேர்ந்து எலும்பைக் கரைக்கலாம் என்று எழுதி வருகிறார். அதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ஈறு நோய் மாதிரியே வேஷம் போட்டு வருகிற வைரஸ் நோய் ஒன்று உண்டு. அதைத்தான் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும். அக்கி.

என் அம்மாவுக்கு அப்போது 72 வயது. பதினாலு வருடமாகச் சர்க்கரை. ஈறு இறங்கி, பல் துலக்கினால் ரத்தம் வரும், கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு ஆடும். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை மேல் இடது பக்கம் வலிக்கிறது என்றபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வலி வந்த பாணியை அம்மா சரியாகத்தான் சொன்னார். "பல்லு வலிக்கலட்டி, பல்லுக்கு மேல தீயை வச்ச மாதிரி இருக்கு" என்றார். கன்னத்தைத் தொட விடவில்லை. அதை நான் காதில் வாங்கிக்கொண்டேனே தவிர மனதில் வாங்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

வியாழக்கிழமை பல் மருத்துவமனை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இறங்கியிருக்கிறது, இந்தப் பல்தான் காரணம் என்றார்கள். அந்தப் பல்லைத் தட்டியபோது அம்மா முகத்தைச் சுளித்தார். பக்கத்துப் பல்லைத் தட்டினாலும் அதே சுளிப்புதான். அப்போதே நின்று கேட்டிருக்க வேண்டும். ஆடாத பல். மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்கினார்கள். மரப்பு தெளிந்ததும் வலி துளிகூடக் குறையாமல் அப்படியே திரும்பி வந்தது.

அந்தப் பல் டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பல் டாக்டர்கள் யாராவது படித்தால் கோபப்பட வேண்டாம். கொப்புளம் வெளியே தெரிவதற்கு முன்னால் இந்த வலி பல்வலியிலிருந்து பிரித்தறியக் கஷ்டமானது என்பது எனக்குப் பிறகு புரிந்தது. ஈறு கெட்டுப் போன வாயில் ஏதாவது ஒரு பல்லில் காரணம் கிடைத்துத்தான் தீரும். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது மட்டும்தான் என் ஆதங்கம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மருத்துவமனை முதல் மாடியில். இருபத்துநாலு படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி, லிப்ட் கிடையாது. முட்டி தேய்ந்த மனுஷியை ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். கீழே செருப்புக்கடை, மேலே ஆஸ்பத்திரி. எங்கள் ஊரில் பல் வைத்தியம், ரத்தப் பரிசோதனை, இன்சூரன்ஸ் ஆபீஸ் என்று வயதானவர்கள் போக வேண்டிய இடமெல்லாம் மாடியில்தான் இருக்கிறது. கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பவர்களின் வீட்டில் ஒரு அம்மா இருக்க மாட்டாரா? பல் பிடுங்கி, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, வலியோடு அதே இருபத்துநாலு படியை இறங்கினார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை இடது கன்னத்திலும் மூக்கோரத்திலும் சிவந்து, மேலுதட்டுக்கு மேல் கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம். பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்த மாத்திரத்தில் "இது அக்கில்லா" என்றார். படித்த எங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. ஞாயிறு காலை மண்பானை செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய் அக்கி எழுதினோம். இறகால் செங்காவியைத் தொட்டு, கன்னத்தில் சிங்கம் மாதிரி வரைந்தார். வெற்றிலை பாக்கைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை. காவி குளிர்ச்சியாக இருந்ததால் அம்மா கொஞ்ச நேரம் கண் மூடினார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு, நம்பிக்கையைக் கேவலப்படுத்துகிறேன் என்று யாரும் வர வேண்டாம். ஆனால் அதிலேயே ஒன்றரை நாள் ஓடிவிட்டது. அக்கிக்கு நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. கொப்புளம் கண்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையை ஆரம்பிப்பதுதான் நல்லது என்கிறார்கள்.

திங்கள் மாலை தோல் டாக்டரிடம் போனோம். அந்தப் பெண் டாக்டர் ஈரப் பஞ்சால் காவியை மெல்ல மெல்லத் துடைத்து எடுத்தார், ஒவ்வொரு ஒற்றலுக்கும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். மேல் அண்ணம் இடது பாதி முழுக்கச் சின்னச் சின்னப் புண், வெள்ளைப் படலத்தோடு. வலது பாதி சுத்தமாக, இளஞ்சிவப்பாக. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி அப்படியே நின்றிருந்தது. "கன்னம், மேலுதடு, மேல் பல், ஈறு, அண்ணம் எல்லாத்துக்கும் ஒரே நரம்புதான் போகுதும்மா. இந்தப் பக்கத்து நரம்பு இந்தப் பக்கத்தோட சரி" என்றார்.

அம்மாவுக்கு ஒன்பது வயதில் சின்னம்மை போட்டு, வேப்பிலையில் படுக்க வைத்து மூணு தண்ணி ஊற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு உடம்பை விட்டுப் போகாமல் நரம்பு முடிச்சுக்குள் ஒளிந்த அதே வைரஸ், 63 வருடம் கழித்து உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து வெளியே வந்திருக்கிறது. சூட்டினாலோ பூச்சி ஊர்ந்ததாலோ வருவதில்லை. அக்கி சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் போனில் பயமுறுத்தினார்கள். டாக்டர் சொன்ன நடுக்கோடுதான் அம்மாவுக்குத் தைரியம் கொடுத்தது.

அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்பது வழக்கமான அளவு. சர்க்கரை இருந்ததால் டாக்டர் முதலில் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார். சிறுநீரகம் சரியில்லை என்றால் அளவைக் குறைக்க வேண்டும், அதனால் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தாலோ கண் சிவந்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடி வரச் சொன்னார். வீட்டில் கர்ப்பிணியோ, அம்மை வராத குழந்தையோ இருந்தால் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை கிட்டே விட வேண்டாம் என்றும் சொன்னார். என் மைனி மகள் அப்போது ஏழாம் மாதம். நல்லவேளை, அவள் மாமியார் வீட்டில் இருந்தாள்.

புண் மூன்று வாரத்தில் ஆறிற்று. வலி ஐந்து மாதம் இருந்தது. பேன் காற்று பட்டால் வலி, சேலை நுனி உரசினால் வலி. தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிற அம்மா, அந்த ஐந்து மாதமும் வலது கன்னத்துக்கு மட்டும்தான் பூசினார். நரம்பு வலிக்கு இரவில் ப்ரீகாபலின் கொடுத்தார்கள், அது தலைசுற்றியதால் பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

உங்கள் கேள்வியின் மறுபாதி இங்கேதான் வருகிறது. வலியில் அம்மா இடது பக்கம் பிரஷ்ஷைக் கொண்டு போகவே இல்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பக்கம் காரை கட்டி, ஈறு வீங்கி, நாற்றம் வந்துவிட்டது. அதாவது வைரஸ் நேரடியாக ஈறு நோயைக் கொடுக்கவில்லை, ஆனால் அது வந்து போன வழியில் பழைய ஈறு நோய் முற்றிவிட்டது. இன்னொரு பல் டாக்டர் (தரைத்தளம்) மிருதுவான பிரஷ், வாய் கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடின் மருந்து இரண்டு வாரம், மூன்று மாதச் சர்க்கரை அளவு பரிசோதனை, அப்புறம் சுத்தம் என்று பொறுமையாகப் பார்த்தார். முகத்தில் அக்கி வந்தபின் அபூர்வமாகத் தாடை எலும்பே பட்டுப்போய்ப் பற்கள் தானாக உதிர்வதும் உண்டாம். அதற்காக மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எங்களுக்கு அது இல்லை.

தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்று 2023ல் நம் நாட்டுக்கு வந்தது, 50 வயதுக்கு மேல் போடலாம், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை கூடுதல்தான். ஊசிக் கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், அந்த ஐந்து மாதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் மாமியாருக்குப் போட்டுவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் அம்மாவுக்குச் சாதாரணப் பல் சீழாகவே இருக்கலாம், அப்படியென்றால் தள்ளிப்போடுவதும் ஆபத்து. அதனால் இன்றைக்கே மூன்று விஷயம் பாருங்கள். கன்னத்தின் தோலைத் தொட்டால் எரிகிறதா? பக்கத்துப் பற்களும் ஒரே மாதிரி வலிக்கிறதா? டார்ச் அடித்தால் அண்ணத்தில் ஒரு பக்கம் மட்டும் புண் தெரிகிறதா? ஆமாம் என்றால் பல்லைத் தொட விடாதீர்கள், தோல் டாக்டரிடமோ பொது மருத்துவரிடமோ விடிந்ததும் போய்விடுங்கள். புண் தெரியாமல் எரிச்சல் மட்டும் இருந்தாலும், பிடுங்கும் முன் இதைப் பல் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். இன்று இரவு பதினொரு மணி வரை விழித்திருப்பேன்.