கருந்துளைலேருந்து ஒளியே தப்பிக்காதுன்னா, 2019ல வெளியான கருந்துளையோட முதல் போட்டோல அந்த ஆரஞ்சு வளையம் எப்படி ஒளிருது?

உள்ளேருந்து எதுவும் வரலைங்க, வெளியில சுத்திட்டு இருக்கிற வாயுலேருந்து வருது. ஆனா கருந்துளையைச் சுத்தி வர்ற வெளிச்சம் ரெண்டு ரகம், சுத்தி இருக்கிற வாயுத் தட்டான டிஸ்க்கையும், கருந்துளைப் பக்கத்துலேருந்து பீச்சி அடிக்கிற தாரையான ஜெட்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறவங்கதான் ஜாஸ்தி.

டிஸ்க்னா, வாயு நேரா தொபுக்குன்னு உள்ள விழாது, ஏற்கெனவே சுழண்டுக்கிட்டே வர்றதால தட்டு மாதிரி பரவி சுத்திச் சுத்தித்தான் இறங்கும், உள்வட்டம் வேகமாவும் வெளிவட்டம் மெதுவாவும் ஓடுறதால காந்தப்புலம் ரெண்டையும் பிடிச்சு இழுக்கும், அந்தக் கொந்தளிப்புல கண்டபடி சூடேறிடும். சிக்னஸ் எக்ஸ்-1ங்கிற நம்ம கேலக்ஸி கருந்துளையில பல லட்சம் டிகிரி, அதான் எக்ஸ்ரேயா கொட்டுது. சூரியன்ல ஹைட்ரஜன் ஹீலியமா மாறும்போது நிறையில வெறும் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகுது, இங்க விழுற வாயுவோட நிறையில, சுழலாத கருந்துளைக்கே கிட்டத்தட்ட 6 சதவீதம்! அப்புறம் ஒரு வேடிக்கை, கருந்துளை பெருசாக ஆக டிஸ்க்கோட சூடு குறையும், ராட்சசக் கருந்துளை வாயுவை விழுங்கிப் பளிச்சிடுற கேலக்ஸி மையங்களான குவாசர்கள்ல அது பெரும்பாலும் புற ஊதாவாத்தான் வரும்.

ஜெட்ல சூட்டுக்கு வேலையே இல்ல. ஒளிவேகத்தைத் தொடப்போற எலக்ட்ரான் காந்தக் கோட்டைச் சுத்தி ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு ஓடும்போது விடுற கதிர் அது, பேரு சின்க்ரோட்ரான். எம்87 கேலக்ஸியோட ஹப்பிள் படத்தைப் பெருசாக்கிப் பாருங்க, மஞ்சளா பஞ்சுப்பொதி மாதிரி ஒண்ணு, அதோட நடுவுலேருந்து நீலமா, முடிச்சு முடிச்சா, சுமார் 5000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு கோடு. 1918லயே வானியலாளர் ஹெபர் கர்டிஸ் இதைப் பார்த்துட்டார், என்னன்னுதான் புரியல. 1956ல இன்னொரு வானியலாளர் வால்டர் பாடே அந்த வெளிச்சம் துருவப்பட்டிருக்குன்னு, அதாவது அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில அதிருதுன்னு காட்டினப்புறம்தான் சின்க்ரோட்ரான்னு நம்பிக்கை வந்துச்சு, சூடான வாயு சும்மா ஒளிர்ந்தா அப்படி வராது.

ஜெட் ஒரு பக்கம்தானே தெரியுதுன்னு கேப்பீங்க. ரெண்டு பக்கமும் இருக்கு, நம்மளைப் பார்த்து வர்றதோட வெளிச்சம் முன்பக்கமா குவிஞ்சு பல மடங்காத் தெரியும், எதிர்ப்பக்கம் போறது மங்கிப்போயிடும்.

இப்ப உங்க வளையத்துக்கு வருவோம். அதுவும் எம்87தான், அதோட நடுவுல இருக்கிற கருந்துளை. வளையத்தோட கீழ்ப்பக்கம் பளிச்சுன்னு இருக்கிறதுக்கும் இதே காரணம்தான், அங்க வாயு நம்மளைப் பார்த்து வருது. டிஸ்க் சூட்டுல தகதகன்னு எரியுதுன்னுதான் நானும் முதல்ல நெனச்சேன், ஆனா அது 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலை, சின்க்ரோட்ரானேதான். ரேடியோ அலை கண்ணுக்குத் தெரியாது, ஆரஞ்சு கலர் படத்தைத் தயாரிச்ச விஞ்ஞானிங்க பூசினது.