வாசல் காலிங் பெல் தோட்டத்துக் கொட்டகை வரை கேட்க என்ன வழி?

தோட்டத்துக் கொட்டகையில் வேலையாக இருக்கும்போது வாசல் மணி கேட்பதில்லை என்கிறீர்கள். ஒயர்லெஸ் பெல்தான் சுலபமான வழி. ஒரு பட்டனுக்கு இரண்டு ரிசீவர் (மணி ஒலிக்கும் பெட்டி) வரும் செட்டாக வாங்குங்கள். ஒன்று கூடத்துக்கு, இன்னொன்று கொட்டகைக்கு.

பெட்டியில் போட்டிருக்கும் 100 மீட்டர், 200 மீட்டர் எல்லாம் தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. நடுவில் கான்கிரீட் சுவர் வந்தால் வெகுவாகக் குறையும். தகரம் இன்னும் மோசம், ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் தகரக் கொட்டகை என்றால் ரிசீவரை உள்மூலையில் மாட்டாமல், வீட்டைப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். பட்டனையும் இரும்பு கேட்டில் ஒட்டாமல் பக்கத்துத் தூணில் ஒட்டுங்கள். நிரந்தரமாக மாட்டும் முன் யாரையாவது அழுத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

சரி, பழைய பெல்லிலிருந்தே ஒயர் இழுக்கலாமா? இழுக்கலாம். இரண்டாவது பெல்லைப் பேரலலாக, அதாவது இரண்டுக்கும் தனித்தனியாக முழு வோல்டேஜ் கிடைக்கும்படி, கொடுக்க வேண்டும். சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துக் கொடுத்தால் இரண்டுமே சரியாக அடிக்காது. ஆனால் நம் வீட்டுப் பெல்களில் பெரும்பாலானவை நேரடி 230 வோல்ட்டில் ஓடுபவை. அந்த ஒயரை வெறுமனே மண்ணில் புதைப்பதும் செடிகள் மேல் தொங்கவிடுவதும் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பைப்புக்குள் போடச் சொல்லுங்கள்.