பக்கத்துக் குள்ள கேலக்ஸிகளின் தூரத்தை அவற்றின் விண்மீன்களை வைத்து எப்படி அளக்கிறார்கள்? இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம் மாறுவதுபோல் தெரிவது) போதாதா?

போதாது. சீட்டஸ் விண்மீன் குழு இருக்கும் திசையில் உள்ள ஐசி 1613 என்ற குள்ள கேலக்ஸியையே எடுத்துக்கொள்வோம். அங்கிருக்கும் விண்மீனின் இடமாறு கோணம் ஒரு ஆர்க்செகண்டில் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) பத்து லட்சத்தில் சுமார் 1.4 பங்குதான். கையா விண்கலத்தின் மிகச் சிறந்த அளவீட்டிலேயே பிழை அதைவிடப் பல மடங்கு அதிகம்.

அதனால், உண்மைப் பிரகாசம் நமக்கு முன்பே தெரிந்த விண்மீன்களை அங்கே தேட வேண்டும். அதிகம் கைகொடுப்பது சிவப்பு ராட்சத விண்மீன்களின் உச்சி. எடை குறைந்த விண்மீன் முதுமையில் வீங்கிப் பிரகாசமாகிக்கொண்டே போகும். அதன் ஹீலியம் மையம் சுமார் 0.48 சூரிய நிறையை எட்டியதும் ஹீலியம் சட்டென்று பற்றிக்கொள்ள, விண்மீன் மங்கிவிடும். பற்றும் நிறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் உச்சிப் பிரகாசமும் ஒன்றே: 'ஐ' வடிகட்டியில் (அகச்சிவப்பை ஒட்டிய ஒளி) தனிப் பொலிவெண் சுமார் -4.05. தனிப் பொலிவெண் என்பது 10 பார்செக் தொலைவில் வைத்தால் தெரியும் பிரகாசம்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) குறைந்த விண்மீன்களில் இது நிறத்தோடு அதிகம் மாறாது. குள்ள கேலக்ஸிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

'வி' (கண்ணுக்குத் தெரியும் ஒளி), 'ஐ' என இரண்டு வடிகட்டிகளில் படமெடுத்து, ஒவ்வொரு விண்மீனின் பொலிவெண்ணையும் அளந்து, நிறம்–பொலிவு வரைபடம் போடுங்கள். சிவப்பு ராட்சதக் கிளையை மட்டும் வெட்டியெடுத்து, 0.05 பொலிவெண் அகலமுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை விண்மீன்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை திடீரென்று எகிறும் இடம்தான் உச்சி. அதைக் கண்ணால் குறிக்கக் கூடாது. அந்த எண்ணிக்கையின் மேல் -2, 0, +2 என்ற சோபல் வடிகட்டியை (திடீர் மாற்றத்தைக் காட்டும் கணக்கு முறை) ஓட்டினால் அந்த இடத்தில் முகடு எழும்.

ஐசி 1613-இல் உச்சி 'ஐ' பொலிவெண் சுமார் 20.30-இல் விழுகிறது. நம் பால்வழியின் தூசி மறைப்பு 0.04-ஐக் கழித்தால் 20.26. அதிலிருந்து -4.05-ஐக் கழித்தால் தூரக் குறியீடு (தெரியும் பொலிவெண்ணுக்கும் தனிப் பொலிவெண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) 24.31. அதோடு 5 கூட்டி, 5-ஆல் வகுத்து, 10-இன் அடுக்காக்கினால் சுமார் 7,28,000 பார்செக், அதாவது ஏறத்தாழ 24 லட்சம் ஒளியாண்டு. குறியீட்டில் 0.1 பிசகினாலே தூரம் 5 சதவீதம் மாறும்.

பிசகுவது பெரும்பாலும் எண்ணிக்கையில்தான். உச்சிக்குக் கீழே முதல் ஒரு பொலிவெண்ணுக்குள் குறைந்தது நூறு விண்மீன்களாவது வேண்டும். குறைந்தால் உச்சியிலேயே ஆள் இருக்காது. இருப்பவற்றில் பிரகாசமானதை உச்சி என்று எடுத்து, தூரத்தைக் கூட்டிச் சொல்லிவிடுவோம். நெரிசல் இதற்கு நேர் எதிர். இரண்டு விண்மீன்கள் ஒன்றாகப் பதிந்து பிரகாசமாகத் தெரிய, தூரம் குறைந்துவிடும். கரும்பொருளே (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருள்) இல்லாத கேலக்ஸி என்று 2018-இல் பேசப்பட்ட என்ஜிசி 1052-டிஎஃப்2 விவகாரம் இதுதான். 2019-இல் ஒரு குழு 1.3 கோடி பார்செக் என்றது. 2021-இல் ஹபிள் இன்னும் ஆழமாக எடுத்த படங்களில் உச்சி தெளிவாகி, 2.2 கோடி என்றானது. முன்பு உச்சியாகத் தெரிந்தது ஒன்றோடொன்று கலந்த விண்மீன்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். தூரத்தோடு நிறைக் கணக்கும் மாறுவதால், இந்த 0.1, 0.2-களை அலட்சியம் செய்யவே கூடாது. செயற்கை விண்மீன்களைப் படத்தில் நட்டு, அதே மென்பொருள் அவற்றை எந்தப் பொலிவெண்ணில் திருப்பித் தருகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

பூட்டீஸ் 1 போன்ற மிக மங்கலான கேலக்ஸிகளில் உச்சி முறையே வேண்டாம். அங்கே ஆர்ஆர் லைரே விண்மீன்கள்தான் சரி. ஒரு நாளுக்குள் ஏறியிறங்கும் இவற்றின் தனிப் பொலிவெண் 'வி'-யில் சுமார் 0.6. ஆனால் உலோக அளவு பத்து மடங்கு மாறினால் இது 0.2-க்கு மேல் நகரும். நிறமாலையில் உலோகத்தை அளந்த பிறகே தூரத்தை எழுதுங்கள்.