வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை: மலையக நிறுவனங்களின் கேள்விகளும் பதில்களும்

ஹட்டனில் 14 பேர் வேலை செய்யும் கணக்காய்வு அலுவலகம் எங்களுடையது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

ஆட்களைப் பிரிக்காமல் வேலையைப் பிரியுங்கள். "மூத்தவர்களுக்கு மட்டும்" என்று தொடங்கினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். இரண்டு வாரத்தில் தாம் செய்யும் வேலைகளை எல்லோரும் எழுதித் தரட்டும். மூலப் பத்திரம், காசோலை, கையெழுத்து தேவைப்படுபவை அலுவலகத்திலேயே இருக்கட்டும். வவுச்சர் கோப்பை பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோக ஒருபோதும் விடாதீர்கள். வங்கிக் கணக்கிணக்கம், அறிக்கை எழுதுதல் போன்றவை வீட்டுக்குப் போகலாம்.

நாளைத் தெரிவுசெய்வதை அவரவரிடம் விட்டால் திங்களும் வெள்ளியும் அலுவலகம் காலியாகிவிடும், புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளிருக்காது. செவ்வாயும் வியாழனும் எல்லோரும் வரவேண்டும் என்று வையுங்கள். ஒரு மாதத்து ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம். ஆகவே மாதக் கடைசி வாரத்தில் சம்பளப் பிரிவுக்கு வீட்டு நாள் வேண்டாம்.

முதலில் மூன்று மாதம் பரீட்சார்த்தமாகச் செய்யுங்கள். அதையும் கடிதமாகக் கொடுங்கள்: எந்த நாட்கள், எந்நேரம் தொடர்பில் இருக்கவேண்டும், எந்த மடிக்கணினி (தொடரிலக்கத்தோடு), பழுதானால் யார் செலவு, நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல். வாய்ப்பேச்சில் விட்டவைதான் பின்னர் தகராறாகும்.

தலவாக்கலைப் பக்கம் மழை வந்தால் கரண்ட் போகிறது, அதோடு இன்டர்நெட்டும். என்ன செய்யலாம்?

ரூட்டருக்கென்று சிறிய டீசி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ரூட்டரை ஓட்டும் பேட்டரிப் பெட்டி) ஒன்றை நிறுவனமே வாங்கிக் கொடுக்கட்டும். அட்டையில் பேட்டரியின் கொள்ளளவு 8,800 எம்ஏஎச் என்றிருந்தால், உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கில் ஏறக்குறைய 32 வாட்-மணி. 12 வாட் இழுக்கும் ரூட்டர் அதில் இரண்டு, இரண்டரை மணிநேரம் ஓடும். அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்தே வாங்குங்கள். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 கொடுத்தால் எரிந்துபோகலாம்.

ஃபோன் ஹொட்ஸ்பொட் போதும் என்பார்கள். மின்வெட்டு நீண்டால் கோபுரத்து பேட்டரியும் தீர்ந்துவிடும், 4ஜியும் போய்விடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான், ஆகவே காணொளிக் கூட்டங்களைக் காலையில் வையுங்கள். இடி நெருங்குமுன் அடாப்டரையும் செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பையும் கழற்றச் சொல்லுங்கள். இணைப்பு போனால் ஒரு எஸ்எம்எஸ், பிறகு இணையம் தேவைப்படாத வேலை. அதற்காக லீவில் கழிப்பது அநியாயம்.

டேட்டா காசு கொடுக்கும்போது பெக்கேஜின் மொத்த ஜீபியை மட்டும் பார்க்காதீர்கள். சிலவற்றில் பாதி, நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம்.

வீட்டு நாளுக்குச் சம்பளத்தைக் குறைக்கலாமா?

முடியாது. வேலை அதே வேலை. சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் 12, ஊழியரின் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனத்தின் 3 வீதமும் அப்படியே. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணிநேரம் என்ற எல்லையும் வீட்டுக்குப் பொருந்தும்; தாண்டினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். இரவு ஒன்பதுக்கு வட்ஸ்அப்பில் "சின்ன வேலை" அனுப்பும் மேலாளர்கள் இதைக் கவனிக்க.

கேமராவை நாள் முழுக்கத் திறந்துவைக்கச் சொல்லலாமா?

வேண்டாம். வாரத்தில் முடிக்கவேண்டியதை எழுதிக் கொடுத்து அதைக் கேளுங்கள்.

எங்கள் எழுதுவினைஞர் சிலர் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு அறையில் ஐந்து பேர்.

அப்படியானால் வீட்டு நாளைக் கட்டாயமாக்காதீர்கள். அவர்களுக்கு அலுவலக மேசை ஐந்து நாளும் திறந்திருக்கட்டும். வராதவர் மேசைகளை எடுத்துவிட்டு வாடகையை மிச்சம் பிடிக்க நினைக்கும் முதலாளி, இவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறார்.

மண்சரிவு எச்சரிக்கை நாளை வீட்டு நாளாகக் கணக்கிடலாமா?

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டமாகத் தருகிறது. அலுவலகம் இருக்கும் இடத்தை மட்டுமன்றி, ஊழியர் குடியிருக்கும், கடந்துவரும் பிரதேச செயலகப் பிரிவுகளையும் பாருங்கள். செம்மஞ்சள் வந்தால் யாரும் பயணம் செய்யவேண்டாம், வீட்டிலிருந்து வேலை; ஆனால் அதை அவருடைய இரண்டு நாளில் கழிக்காதீர்கள். சிவப்பு என்றால் வெளியேறச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அன்று சம்பளத்தோடு லீவு கொடுங்கள், மடிக்கணினியைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம்.