நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பினால்: தனிநபர் ஒப்புதல் மட்டும் போதாது

பழங்குடி மக்களை நேர்காணும் உங்கள் ஆய்வு விண்ணப்பத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். குறை உங்கள் ஒப்புதல் படிவத்தில் இல்லை. சமூகத்தின் ஒப்புதல் இல்லை என்பதுதான் சிக்கல். கனடாவின் பழங்குடிகளான ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிட், மெட்டி மக்களிடையே செய்யும் ஆய்வுக்கு, மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான அந்நாட்டின் நெறிமுறைக் கொள்கையான டிசிபிஎஸ் 2-இன் 9-ஆம் அத்தியாயம் பொருந்தும். ஆய்வு ஒரு சமூகத்தின் நலனைத் தொடும் என்றால், ஆள் சேர்க்கும் முன்பே அந்தச் சமூகத்தோடு பேசியாக வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கேள்விப் பட்டியலை முழுசாக முடித்துவிட்டு அப்புறம்தான் பேண்ட் கவுன்சிலுக்கு (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் சமூகத்தின் ஆட்சிக் குழு) கடிதம் போட்டிருக்கிறீர்கள். குழுவின் கண்ணில் பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

விண்ணப்பத்தைத் திறந்து இவற்றைத் தேடுங்கள்:

1. ஒலிப்பதிவுகள் ஆய்வுக்குப் பின் யாரிடம் இருக்கும்? 'பல்கலைக்கழக சர்வரில்' என்று மட்டும் இருந்தால் மாற்றுங்கள். ஒரு சமூகத்தின் தரவு யாருக்கு உரியது என்பதைச் சொல்லும் ஓகேப் (OCAP) நெறிகள் (உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம்) கேட்பதே இதைத்தான்.

2. பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளிகளின் நினைவுகளைச் சொல்லும்போது ஒரு பாட்டி பாதியில் உடைந்துபோனால், பக்கத்தில் உட்காரப்போவது யார்? அந்த ஊர் நம்பும் ஒரு மூத்தவரையோ ஆற்றுப்படுத்துநரையோ முன்கூட்டியே கேட்டு, அவருக்கான மதிப்பூதியத்தைப் பட்ஜெட்டில் சேருங்கள். நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். மனக்காயத்தைக் கிளறிவிட்டு ஊர் திரும்புவது ஆய்வே அல்ல.

ஒன்று கவனியுங்கள்: ஓகேப் ஃபர்ஸ்ட் நேஷன்ஸுக்கு உரியது. இனுவிட்டுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். இனுவிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் வடக்குப் பகுதியான நுனாவுட்டில் ஆய்வு உரிமமும் தனியாக வாங்க வேண்டும்.